துரும்புக்கு ரசீது இல்லை

ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று நம்புவதற்குச் சட்டம் அதிகம் கேட்பதில்லை. தாலி கட்டியதைப் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னால் போதும். அந்தக் கல்யாணம் முடிந்துபோனது என்று நம்பத்தான் அதற்கு மனசு வராது. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தைய வருடம் நான் மலாக்காவில் பிறப்புப் பதிவு செய்யும் ஓர் அலுவலகத்தில் பதிவேடு எழுதும் கிராணியாக இருந்தேன். எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதில் பெருமை வேறு.

காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு பெண் குடியிருந்தாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை. பதினைந்து வயதில் ரப்பர் தோட்டத்தில் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்திருந்தார்கள். கட்டியவன் இன்னொருத்தியைக் கூட்டி வந்து அதே லயத்து வீட்டில் வைத்தான். பஞ்சாயத்து கூடியது. அவர்கள் வழக்கப்படி, பெரியவர்கள் முன்னால் அவன் ஒரு துரும்பைக் கிள்ளி அவள் கையில் போட்டான். அத்தோடு இருவருக்கும் விடுதலை. யாரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். சில வருடங்கள் கழித்து ஒரு லாரி டிரைவர் எங்கள் பகுதிக் கோயிலில் வைத்து அவளுக்குத் தாலி கட்டினார். பாயசம் நானும் சாப்பிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. பதிவு செய்ய மூன்று பேருமாக வந்தார்கள். இதற்கு முன் கல்யாணம் ஆனதுண்டா என்று அதிகாரி கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள்.

"மொத புருஷன் உயிரோட இருக்கானா?"

"இருக்காருங்க. துரும்பு கிள்ளிப் போட்டாச்சு."

"துரும்புக்கு ரசீது இருக்கா?"

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வழக்கத்தை நிரூபிக்க, அன்று அங்கே இருந்த ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் கல்யாணம் இன்னும் நிற்கிறது, இரண்டாவது கல்யாணமே அல்ல, குழந்தைக்குத் தகப்பன் பெயர் கிடையாது. அதிகாரி சொன்னது இவ்வளவுதான். பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் செத்துவிட்டார்கள், பலர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். மிஞ்சியவர் ஒருவர்: அதே தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து, எங்கள் கோயிலுக்குச் செயலாளராக ஆகியிருந்தவர். அவளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, நீங்க அன்னிக்குப் பஞ்சாயத்துப் பாயில உக்காந்திருந்தீங்க. ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதும்."

"அதெல்லாம் தோட்டத்துப் பழக்கம்மா. நாடு சுதந்திரம் வாங்கப் போற நேரத்துல துரும்பு, கிள்ளுனு எழுதினா, நம்ம சனத்தப் பத்தி நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"நம்ம சனம் செஞ்சு வச்சதுதானங்கய்யா?"

"செஞ்சோம். எழுதி வச்சோமா?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, உங்க ரெண்டாவது வீட்டுப் பையனுக்கு நான்தான் பொறப்பு சூராட் எழுதினேன். அப்ப நாலு பேரு ஒண்ணும் நெனக்கலையே?"

"அது சட்டத்துல இருக்கு லா, தம்பி. கிராணிக்கா நான் சொல்லிக் குடுக்கணும்?"

சட்டத்தில் இருந்தது உண்மைதான். இந்து ஆண் எத்தனை பேருக்கும் தாலி கட்டலாம் என்று அன்றைய சட்டம் ஒப்புக்கொண்டது. எதை வைத்து? வழக்கம் என்பதை வைத்து. அவருடைய இரண்டாவது வீட்டைக் காப்பாற்றிய அதே வழக்கம்தான் இவளை விடுவித்ததும். அவருடையது கௌரவம், இவளுடையது சனத்துக்கே அவமானம். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் அவர் எங்களுக்கு மைலோ கலக்கச் சொன்னார். அவள் குடிக்கவில்லை.

எனக்கு வேறு ஒரு வழி தெரிந்திருந்தது. தெரியாமல் இருக்குமா? தாயும் தகப்பனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்டால் தகப்பன் பெயரை எழுதலாம். மறுநாள் அந்தப் படிவத்தை எடுத்து, மடித்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி வைத்தேன். அவள் மடிப்பை விரித்தாள்.

"மேல என்னண்ணே எழுதியிருக்கு?"

முறையான கல்யாணம் இல்லாமல் பிறந்த பிள்ளைகளுக்கானது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்ப நான் யாரு? இவரு வச்சிக்கிட்டவளா?"

"போட்டுருவோம் புள்ள," என்றார் அவள் கணவர். "நாளைக்கு ஸ்கூல்ல கேப்பாங்க."

"கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். சாமி முன்னால கட்டின தாலிய, கட்டலன்னு என் கையால எழுதிக் குடுக்க மாட்டேன்."

அவள் பிடிவாதத்தால் குழந்தைக்குக் கெடுதல் என்று அதிகாரி சொன்னார். பிறகு ஊராரும் அதையே சொன்னார்கள். பிள்ளைக்குப் பெயர் வேண்டுமானால் தாய் தன்னைக் கேவலப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதை எழுதி வைத்தவர்கள் எல்லாரும் கண்ணியமானவர்கள்.

பிறப்புப் பதிவுப் படிவத்தில் தகப்பன் பெயருக்கான இடத்தில் வெறும் கோடு போடச் சொன்னார்கள். ஸ்கேல் வைத்து நேராகப் போட்டேன். தகப்பன் கவுண்டருக்கு அந்தப் பக்கம், எனக்கு இரண்டடி தூரத்தில், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார். அவள் நிதானமாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். மை காய ஊதினாள்.

"இன்னாரு சம்சாரம்னு எந்த எடத்துலண்ணே எழுதணும்?"

படிவத்தின் இரண்டு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். அப்படி ஓர் இடம் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும்.