அப்பாவுக்குப் பொடிக்காத மாத்திரை

அப்பா எந்த மாத்திரையையும் முழுசாக விழுங்கமாட்டார். கரண்டியால் நசுக்கி, தேனில் குழைத்து, ஒரு பெண் கையால் வாயில் ஊட்ட வேண்டும். அம்மா விடிந்ததும் அண்டியாபீசுக்கு முந்திரி உடைக்கப் போய்விடுவாள். மசக்கை வாந்தி நிற்காமல் மூன்றாம் மாதமே இரணியலில் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த என் தலையில் அந்த வேலை விழுந்தது.

புராஸ்டேட் வீக்கத்தால் மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போகிறதென்று அவருக்கு மாத்திரை எழுதியிருந்தார்கள். அதை வாங்கப் போனபோது எனக்கான கர்ப்பகாலச் சத்து மாத்திரையையும் கேட்டேன். மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் புராஸ்டேட் மாத்திரை முழுசா இருந்தா எடுத்துக் குடுக்கலாம். பொடிச்சா நீங்க தொடாதீங்க. வயித்துல ஆம்பிளப் பிள்ளையா இருந்தா அதோட உறுப்பு வளர்ச்சி கெட்டுரும்."

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் கண்டவள் நான், படித்தது வேதியியல். அப்பாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஒனக்குப் பொட்டப் பிள்ளதாண்டி. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. பின்ன என்ன கேடு? பொடி."

"மாட்டேன்ப்பா."

"படிக்க வெச்சதுக்கு நல்ல கூலி!"

சாயங்காலம் அம்மா பொடித்துக் கொடுத்தாள். அவர் தட்டிவிட்டார். மகள் கையால் வராத மருந்து வேண்டாமாம். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஒன்ன வயித்துல வெச்சுக்கிட்டுதான் அண்டித் தோட்டுக் கறையில கை வெந்து பொள்ளிக் கிடந்தேன். நீ செத்தா போன?"

நான் பொடிக்கவில்லை. அவரும் அசையவில்லை. வாரங்கள் போயின. புறவாசலில் அவர் நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. ஒரு காலையில் மூத்திரம் அடியோடு நின்று, அடிவயிறு கல்லாகிவிட்டது. ஆட்டோவில் நாகர்கோவிலுக்குக் கொண்டு போனோம். குழாய் போட்டார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னார்:

"எம் மவளுக்குப் படிப்பு கூடிப் போச்சு. அப்பன் மூத்திரத்த அடைச்சுப் போட்டா."

"இப்படியும் ஒரு மவளா!" என்று என் காதுபடவே உச்சுக் கொட்டினார்கள்.

அதே மாத்திரையைத் தொடர வேண்டும் என்று சொல்லி, குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை ஒரு பாளையங்கோட்டான் வாழைப்பழத்தை உரித்து, ஒரு துண்டுக்குள் மாத்திரையை முழுசாகச் செருகி நீட்டினேன்.

"பொடிச்சுத் தா."

"மாட்டேன். வேண்டாம்னா குழாயோட கிடங்க. பிள்ள பெத்துட்டு வந்து பொடிச்சுத் தாறேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அவள் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேலைக்கு இறங்கிவிட்டாள்.

அப்பா கண்ணை மூடி விழுங்கினார். கண்ணோரத்தில் நீர் வந்தது. நான் நகரவில்லை.

"வாயத் திறங்க," என்றேன். திறந்தார்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினார்.