சீழ் என்றதும் சிரித்தார்

என் கணவர் இருமினால் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். இருபது வயதில் கேஜ் என்கிற இரும்புக்கூண்டு லிஃப்டில் ஏறி, கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியவர் அவர். சுரங்கத்தை மூடும்வரை பாறை துளைத்தார். மாமனாருக்கும் அதே வேலைதான். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து, மூச்சு வாங்கி வாங்கியே போய்ச் சேர்ந்தார். சுரங்கத்தை ஒட்டிய எங்கள் மாரிகுப்பத்தில் அந்த நோயை 'தூசி' என்று சொன்னாலே எல்லோருக்கும் புரியும்.

போன மழைக்காலத்தில் இவருக்கு வறட்டு இருமல் வந்தது. கூடவே வலது விலாவில் வலி. மூச்சை இழுத்தால் முகம் சுளிப்பார். வலது தோளும் வலிக்கிறது என்றார். சோறு இறங்கவில்லை. பதினைந்தே நாளில் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை.

"டாக்டராண்ட போலாம் வாங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு? எங்கப்பாவுக்குச் சொன்னதத்தான் எனக்கும் சொல்வாங்க. தூசிக்கு மருந்து இல்ல. தெரியாமலே இருந்துட்டுப் போறேன், வுடு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தனக்குத் தானே நாள் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை என்ன செய்வது? உள்ளுக்குள் பயம்தான். அதை மறைக்க இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலமானால் இவருக்குக் குளிர் தூக்கிப்போடும். இரண்டு போர்வை போதாது. பிறகு பனியனைப் பிழிகிற அளவுக்கு வேர்க்கும். மாமனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் நான். அவர் இருமினார், மூச்சு வாங்கினார். ஒருநாளும் இப்படி நடுங்கியதில்லை.

"உங்கப்பாவுக்கு வந்தது இது இல்ல. கூட இருந்து பாத்தவ சொல்றேன், எந்திரிங்க" என்று ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டேன்.

ஆண்டர்சன்பேட்டை கிளினிக்கில் இருந்தவர் சின்ன வயது டாக்டரம்மா. வலது விலாவின் கீழே, இரண்டு எலும்புகளுக்கு நடுவில் ஒரு விரலால் அழுத்தி, "இல்லி நோவா? இங்க வலிக்குதா?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். இவர் போட்ட அலறலே பதிலாகிவிட்டது. சமீபத்தில் பேதி ஏதாவது ஆனதா என்று விசாரித்தார். ஆகியிருந்தது, லாரித் தண்ணீரைத் திட்டிவிட்டு நாங்கள் மறந்துபோயிருந்தோம். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் படங்களைப் பார்த்துவிட்டு, "ஈரல்ல சீழ் கட்டியிருக்கு. ஆரஞ்சுப் பழம் சைஸ். அந்தப் பேதிக் கிருமிதான் ஈரலுக்குப் போயிருக்கு" என்றார்.

"நுரையீரல்?" என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

"அது சுத்தமா இருக்கு. ஈரல் வீங்கி கீழே இருந்து முட்டுது, அதான் இருமல்."

இவர் சிரித்தார். வயிற்றுக்குள் சீழ் என்றதும் சிரித்த முதல் நோயாளி இவராகத்தான் இருக்கவேண்டும். டாக்டரம்மா திகைத்து என்னைப் பார்த்தார். எனக்கோ அழுகையை அடக்க முடியவில்லை.

கோலார் ஆஸ்பத்திரியில் ஈரலுக்குள் ஊசியை விட்டுச் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். கெட்டிக் காபி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. ஒரு வாரத்தில், தட்டில் போட்ட சோறு போதாமல் மறுசோறு கேட்டார்.

வீட்டுக்கு வந்தவர்கள் ஈரலைப் பற்றி விசாரித்தார்கள். இவரோ நெஞ்சு எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். இவரோடு ஒரே ஷிப்டில் இறங்கிய பக்கத்து வீட்டுக்காரர் அதை நெடுநேரம் பார்த்தார். அவருக்கும் இருமல் உண்டு. இதுவரை எந்த டாக்டரிடமும் போனதில்லை.

"அண்ணி, என்னுதும் இப்படி இருக்குமா?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்? படம் எடுத்தாத்தான் தெரியும்" என்றேன்.

மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். கூப்பிட்ட ஆட்டோ வந்தும் கால் மட்டும் நகரவில்லை. என் கணவர் ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்து, "வா, நான் இருக்கேன்ல" என்று கையை நீட்டினார்.