டிரெய்லர் வரிசையில் ஸ்கூட்டர் கற்ற இரண்டு பெண்கள்

1. யார்டு இடம் மாறியது

மார்கழி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மேனேஜர் எங்கள் ஆறு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார். பொங்கல் முடிந்ததும் கன்டெய்னர் யார்டு திருவொற்றியூரிலிருந்து காட்டுப்பள்ளி போகும் வழிக்கு மாறுகிறது என்றார்.

நாங்கள் ஆறு பேரும் டேலி கிளார்க்குகள். கன்டெய்னரைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று சீல் நம்பரைச் சரிபார்த்து, இறங்குகிற பெட்டிகளை எண்ணி எழுதுவது வேலை. ஆறு பேரும் பெண்கள். எல்லோருமே நடந்து வந்து போகிற தூரத்தில் குடியிருந்தோம்.

"பஸ் அவ்ளோ தூரம் உள்ள வராதே சார்" என்றேன்.

"அதான் முன்னாடியே சொல்றேன். டூ வீலர் இருந்தா வாங்க. இல்லன்னா உங்க இஷ்டம்."

"வேன் ஒண்ணு விடக் கூடாதா சார்?"

"ஆறு பேருக்கு வேனாம்மா? நானே டிரைவர் இல்லாம கார ஓட்டிட்டுப் போகப் போறேன்."

எங்களில் ஒருத்தியான அமுலு சும்மா இருக்கவில்லை. "ஒங்க கார்ல ஏசி கீது சார். எங்களுக்கு மேல வெயிலு, பின்னால டிரெய்லரு. ரெண்டும் ஒண்ணா?"

மேனேஜர் சிரித்தார். முடிவு மாறவில்லை. நான்கு பேர் அந்த மாதமே வேலையை விட்டார்கள். நானும் அமுலுவும் மிஞ்சினோம். எனக்கு ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்தன. அவற்றை முடித்துவிட்டுப் போக நினைத்தேன். அமுலுவின் கணக்கு வேறு. அவள் கடலோரக் குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். கணவன் விசைப்படகில் போகிறவன். போனால் வருமானம், போகாவிட்டால் இல்லை. இரண்டு குடும்பத்திலும் சேர்த்து மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் முதல் ஆள் அவள்தான். புகைப்படம் போட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியேதான் வீட்டுக்குப் போவாள். "தெரு மொத்தமும் பாக்கணுங்கா" என்பாள். அந்த வேலையை அவள் விடுவதாக இல்லை.

2. காலி சந்தில் பயிற்சி

யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டியவர் பாஷா பாய். கன்டெய்னரை அப்படியே தூக்கி அடுக்குகிற ராட்சச வண்டி அது. அவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் காலி கன்டெய்னர்களுக்கு இடையே இருக்கும் சந்தில் எங்களுக்கு ஸ்கூட்டர் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படுகிறதா என்று பார்த்தார். எனக்குப் படவில்லை. "அம்மா, ஒங்களுக்கு இந்த வண்டி வேணாம். ஒசரம் கம்மியா ஒண்ணு பாருங்க. நிக்கத் தெரியாதவங்களுக்கு ஓட்டத் தெரியாது" என்றார்.

பிறகு காலால் உந்தி உருட்டுவது, இடது பிரேக்கை முதலில் பிடித்து வலதைச் சேர்ப்பது, ஆக்சிலரேட்டரை முறுக்கிய கையோடு பிரேக்கைத் தேடாமல் இருப்பது. கடைசியில் சொன்னதில்தான் நான் தவறினேன். பயந்தால் கை இறுகும், இறுகினால் வண்டி பாயும். இரண்டு முறை கன்டெய்னரில் மோதினேன்.

"அக்கா, அது எக்ஸ்போர்ட் பாக்ஸு. டேமேஜ் ரிப்போர்ட்டு எய்து" என்று அமுலு கைதட்டினாள்.

எதையும் புத்தகத்தில் படித்துப் பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. லைசென்ஸ் தேர்வுக்காக இருந்த கையேட்டையும், வேறு சிலவற்றையும் படித்தேன். ரவுண்டானாவில் யாருக்கு முன்னுரிமை என்றெல்லாம் விளக்கமாக இருந்தது. சாலையின் பாதியை நிற்கும் லாரிகளே எடுத்துக்கொண்டால் மீதிப் பாதியில் என்ன செய்வது என்று எதிலும் இல்லை.

3. மணலி சாலை

தை மாதக் கடைசியில் நாங்கள் சாலைக்கு வந்தோம். மணலி வழியாகப் போக வேண்டும். சடையங்குப்பம் பக்கம் மழைத் தண்ணீர் வடிந்தாலும் மண் வடிவதில்லை. ஓரமெல்லாம் மெல்லிய சேறும் கரித்தூளும் படிந்திருக்கும். அதன்மேல் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி படுத்துவிடும். டிரெய்லரின் இடப்பக்கம் நுழையக் கூடாது. அது திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இவற்றை ஒவ்வொன்றாகக் கற்றோம்.

அமுலு ஒரே மாதத்தில் தேறிவிட்டாள். தோள் தளர்ந்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி ஓட்டினாள். நான் தினமும் கை மரத்துப்போய் இறங்கினேன். புது யார்டில் ஆட்கள் நுழைகிற கேட் சாலையின் இடப்பக்கம்; லாரிகளுக்கான கேட் வெகுதூரம் முன்னால். அந்தப் பக்கம் முழுதும் உள்ளே போகக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசை. வரிசையின் வலப்பக்கமாக வரும் நாங்கள், எங்காவது இரண்டு டிரெய்லருக்கு நடுவே புகுந்தால்தான் கேட். இல்லையென்றால் வெகுதூரம் முன்னே போய், வரிசையின் தலையைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். நான் சுற்றித்தான் வந்தேன்.

"நீ ஊர்வலம் முட்ச்சி வரதுக்குள்ள நான் பாதி பாக்ஸ எண்ணிடுவேங்கா" என்பாள் அமுலு.

நடுவே புகுவதற்கு அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம் இருந்தது. காத்திருக்கும் டிரைவர் டீ குடிக்கவோ சாப்பிடவோ இறங்கினால், தன் துண்டை வலப்பக்கக் கண்ணாடியில் போட்டுவிட்டுப் போவார். வண்டியில் ஆள் இல்லை, ஹாரன் அடித்துப் பிரயோசனம் இல்லை, ஒதுங்கிப் போங்கள் என்று பின்னால் வரும் டிரைவர்களுக்குச் சொல்வது அது. டூ வீலர்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். துண்டு தொங்கினால் அந்த டிரெய்லர் நகராது. அதன் மூக்குக்கு முன்னால் தைரியமாகப் புகலாம். செக்யூரிட்டி, வெல்டர், கஸ்டம்ஸ் ஏஜென்ட்டின் ஆட்கள் என்று எல்லோரும் அப்படித்தான் புகுந்தார்கள். உயரமான கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு மூக்குக்குக் கீழே நிற்கும் ஸ்கூட்டர் தெரியாது. ஆனால் துண்டு இருந்தால் உள்ளே யாரும் இல்லையே.

4. மழை பெய்த மறுநாள்

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. காலையில் வெயில் அடித்தது. அமுலு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒரு டிரெய்லரின் கண்ணாடியில் சிவப்புத் துண்டு தொங்கியது. அவள் வேகம் குறைத்தாள், இண்டிகேட்டர் போட்டாள், பின்னால் பார்த்தாள், அதன் முன்னால் இடப்பக்கம் திரும்பினாள். பாஷா பாய் பார்த்திருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்.

டிரெய்லர் நகர்ந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியபோது ஸ்கூட்டர் சரிந்து கிடந்தது. அதன் அடியில் அவளுடைய வலது கால். பம்பர் அப்படியே சிறிது தூரம் தள்ளிக்கொண்டு போயிருந்தது.

டிரைவர் இறங்கி வந்தார். நெல்லூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் யார்டுக்கு அவர் கொண்டுவந்த முதல் லோடு அதுதான். "சூடலேதம்மா, சூடலேது" என்று தலையில் அடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பார்க்கவில்லை என்கிறார். அவரை அடிக்கக் கை ஓங்கிய வெல்டர் ஒருவர் கத்தினார்: "துண்டு போட்டுகினு வண்டிய இன்னாத்துக்குய்யா எடுத்த?"

டிரைவருக்குக் கேள்வியே புரியவில்லை. துண்டு மழையில் நனைந்திருந்தது, காய்வதற்காகப் போட்டிருந்தார். எங்கள் வழக்கம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்குத் துண்டு என்றால் துண்டுதான்.

ஆம்புலன்ஸில் அமுலு என் கையை விடவில்லை. "துண்டு இருந்துச்சிக்கா. நீயும் பாத்தல்ல?"

"பார்த்தேன்" என்றேன்.

"அப்ப என் மேல தப்பு இல்ல. சார் கிட்ட சொல்லு. வேலைய எடுத்துடப் போறாரு."

5. காலியாக இருந்த இடம்

ஆஸ்பத்திரியில் காலை வெட்டி எடுக்கவில்லை. ஆனால் முழங்கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். கார்த்திகையில் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கினாள். நான் மேனேஜரிடம் போனேன்.

"வரச் சொல்லுங்கம்மா. உக்காந்தே எண்ணட்டும். நான் வேணாம்னு சொல்லலியே."

"எப்படி சார் வருவா?"

அவர் பேனாவை மூடித் திறந்தார். "அதை நான் என்னம்மா பண்றது?"

ஆட்டோ தினமும் அவ்வளவு தூரம் வரச் சம்மதிக்கவில்லை. சம்மதித்த ஒருவர் கேட்டதைக் கொடுத்தால் அவள் வேலைக்குப் போவதில் அர்த்தமில்லை. கணவன் கடலில் இருந்தான். கடைசியில் நான் சொன்னேன்: "என் வண்டியில் உட்கார்."

அதுவரை நான் பின்னால் யாரையும் ஏற்றியதில்லை. பாஷா பாயிடம் கேட்டேன். பின்னால் ஆள் இருந்தால் பிரேக்கை முன்னதாகவே பிடி, வளைவில் அவர்களும் உன்னோடு சாய வேண்டும், சும்மா அசையக் கூடாது என்றார். பிறகு, "மடங்காத அந்தக் கால எங்க வெப்பாங்கம்மா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை கிளம்பினோம். இடப்பக்கம் உட்காரத் தோதுப்படாமல், அமுலு வலப்பக்கம் கால் போட்டு ஒருபக்கமாக உட்கார்ந்தாள். மடங்காத கால் நேராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடையாள அட்டை கழுத்தில் இருந்தது. தெருவில் பெண்கள் நின்று பார்த்தார்கள். "ஸோக்கா கீதுடி ஒன் சவாரி" என்று யாரோ சொல்ல, இவளும் பதிலுக்கு ஏதோ சொன்னாள்.

மணலி பக்கம் திரும்பினோம். ஒரு டிரெய்லர் எங்களைத் தாண்டியது. நீட்டிய காலுக்கும் அதன் சக்கரங்களுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்க முடியாது. அவள் என் இடுப்பைப் பிடித்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. அடுத்த டிரெய்லரின் சத்தம் கேட்டவுடனே அவள் அலறினாள். ஹேண்டில் ஆடியது. சேற்றில் பின்சக்கரம் வழுக்கி, எப்படியோ நின்றேன். இரண்டு பாதமும் தரையில் இருந்தன.

சடையங்குப்பம் திருப்பத்தில் வெகுநேரம் நின்றோம். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

"திருப்புக்கா" என்றாள். "என்னால முடியல. ஒன்னயும் சேத்து சாவடிச்சுடுவேன்."

"நாளைக்குப் பார்ப்போம் அமுலு. மெதுவா..."

"நாளிக்கும் இதே ரோடுதான்."

அவளைக் குப்பத்தில் இறக்கிவிட்டேன். அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "ஆபீஸ்ல குடுத்துடு. நீ கெளம்பு, லேட் மார்க் போட்டுடுவானுங்க."

நான் போனேன். வரிசையின் தலை வரைக்கும் போய்ச் சுற்றித் திரும்பி, கேட்டில் நுழைந்து, அட்டையை மேனேஜரின் மேசையில் வைத்தேன். அடுத்த வாரமே அவள் இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். சொந்த வண்டி உள்ள பெண்.

ஓய்வு பெறும் வரை அதே சாலையில் ஓட்டினேன். பயம் ஒருநாளும் போகவில்லை. புதிதாக ஓட்ட வருகிறவர்கள் அது எப்போது போகும் என்றுதான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். போவதற்காகக் காத்திருக்க வேண்டாம், அதோடேயே ஓட்டுங்கள் என்கிறேன். போய்விட்டது போலத் தோன்றுகிற காலையில் இன்னும் மெதுவாகப் போங்கள். நிற்கிற வண்டி நிற்கும் என்று நம்ப வைக்கிற எதையும் நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அமுலு ஓட்டியதில் நான் இன்றுவரை ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை.