மைனரின் ரத்தக்குழாய்க்கு வயது அறுபத்தாறு

சோபாக் கடை மேலாளரை ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் 'மைனர்' என்றுதான் சொல்வார்கள். வயது நாற்பத்தெட்டு. ஆனால் பல வருடங்களாக நாற்பத்தொன்றைத் தாண்ட மறுத்துக்கொண்டிருந்தார். வாரம் தவறாமல் தலைக்கும் மீசைக்கும் மை. வாங்க வந்தவர் வாய் தவறி "அங்கிள்" என்றுவிட்டால் தள்ளுபடி பாதியாகச் சுருங்கிவிடும். அவர் அறிந்த ஒரே உடற்பயிற்சி, புது சோபாவில் தொப்பென்று விழுந்து, "பாருங்க, எப்படி அமுங்கி எழும்புது!" என்று காட்டுவதுதான். சோபா தானாக எழும்பும். அவரை எழுப்பத்தான் ஆள் வேண்டும்.

வயிறு முன்னால் வந்திருந்ததைத் 'தோரணை' என்றார். சர்க்கரை? "பார்டர்ல இருக்கு." ரத்த அழுத்தம்? "பார்டர்." கொழுப்பு? "அதுவும் பார்டர்தான்." இப்படிப் போர்வீரனைப் போல எல்லையிலேயே நின்றுகொண்டிருந்தவரை மாட்டிவிட்டவர் அவருடைய மாமனார்.

மாமனார் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். எழுபத்துமூன்று வயது. ஒட்டடைக்குச்சி உடம்பு, ஊரைக் கூட்டும் குரல். அவரை உடல் பரிசோதனைக்கு அழைத்துப்போன இடத்தில், கூட வந்தவருக்கு இலவசம் என்றார்கள். இலவசம் என்றால் மைனர் விடுவாரா? கையிலும் காலிலும் பட்டைகளைச் சுற்றிக்கொண்டு ராஜா மாதிரி படுத்தார்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். "இதயம் தள்ளுற ரத்தத்தோட அலை, குழாய்ல எவ்வளவு வேகமா ஓடுதுன்னு இந்த மெஷின் பார்க்கும். உங்களுக்கு ரொம்ப வேகம் சார்."

மைனர் மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "நான் எதுலயுமே கொஞ்சம் ஸ்பீடுதான் டாக்டர்."

"குழாய் இளக்கமா இருந்தா விரிஞ்சு கொடுக்கும், அலை மெதுவா போகும். விறைச்சுப்போனாத்தான் இப்படிப் பறக்கும். உங்க ரத்தக்குழாய்க்கு அறுபத்தாறு வயசு. ஐயாவுக்கு அறுபத்தொண்ணு."

மைனரின் மீசை மட்டும் கறுப்பாக இருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"எனக்குத்தான் ஒரு வியாதியும் இல்லையே? எல்லாம் பார்டர்தானே?"

"சிக்கலே அதுதான். இடுப்புச் சதை, சர்க்கரை, அழுத்தம், ஏறிப்போன கொழுப்பு, குறைஞ்சுபோன நல்ல கொழுப்பு. தனித்தனியா பார்த்தா எல்லாம் சில்லறைதான். கூட்டணி வெச்சுட்டா குழாயோட சுவரையே இறுக்கிடும். மூணு சேர்ந்தாலே நாங்க எச்சரிப்போம். நீங்க அஞ்சையும் சேர்த்து பார்டர்லயே வீடு கட்டிட்டீங்க."

மாமனார் அங்கே சிரிக்கவில்லை. சிரிப்பை மடித்துப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார் என்பது கதவு திறந்ததும் தெரிந்தது.

"முதியோர் சீட்டைக் காலி பண்ணுங்க! மாப்பிள்ளை உட்காரணும்!"

மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். விஷயத்தைக் கேட்ட மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "வெளிய போனா என்னை உங்க அக்காவான்னு கேட்பாங்க. நீங்களும் இல்லைன்னு சொல்லாம இளிச்சுக்கிட்டு நிப்பீங்க. இப்ப சொல்லுங்க, யாரு மூத்தவங்க?"

"மெஷின் ரிப்பேர்," என்றார் மைனர். மறு வாரமே யாருக்கும் தெரியாமல் வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொந்தக் காசைக் கொட்டினார். அங்கே அறுபத்தேழு என்றார்கள். அந்த மெஷினும் ரிப்பேர் என்று முடிவு செய்தார்.

அவரை அசைத்தது மெஷின் அல்ல, மாடிப்படி. ஒருநாள் கடையில் லிப்ட் நின்றுவிட்டது. கட்டில் பார்க்க வந்த வயதான அம்மாளை மூன்றாவது மாடிக்கு அழைத்துப்போனார். அந்த அம்மாள் மளமளவென்று ஏறி மேலே நின்றாள். மைனர் கைப்பிடியைப் பற்றியபடி வந்து சேர்ந்தபோது காதுக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பது போலிருந்தது. அம்மாள் ஓடிவந்து அவரைப் பிடித்து ஒரு சோபாவில் உட்காரவைத்தாள்.

"மெதுவா மூச்சு விடுங்க தம்பி."

தம்பி! எத்தனை வருடமாக ஏங்கிய சொல். அனுபவிக்க முடியவில்லை. கழுத்தில் துள்ளிய நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று வீட்டில், "எனக்குப் பயமா இருக்கு," என்றார். கேலி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். "டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒழுங்கா போடுங்க. காலையில அப்பாகூட நடங்க. ஆளைப் பிடிக்கலைன்னாலும் நடை பிடிக்கும்."

மாமனாரோடு நடப்பது தனித் தண்டனை. மைனர் மரத்தடியில் நின்றால், "இங்க ஸ்டாப்பிங் இல்ல, போலாம் ரைட்!" என்று பூங்கா முழுக்கக் கேட்கும்படி கத்துவார். அந்த மானக்கேட்டுக்குப் பயந்தே மைனர் நடையை எட்டிப் போட்டார். ராத்திரிச் சாப்பாடு சுருங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. தலைக்கு மை மட்டும் குறையவில்லை.

அடுத்த வருடம் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோது மாமனாருக்குத் திடீரென்று முட்டிவலி வந்துவிட்டது. மைனர் தனியாகப் போனார். அழுத்தமும் சர்க்கரையும் இறங்கியிருந்தன. ரத்தக்குழாயின் வயது அறுபத்தொன்று, போன வருடம் மாமனாருக்கு வந்த அதே எண்.

வாசலிலேயே மாமனார் கேட்டார், "எவ்வளவு?"

"அம்பத்தொன்பது," என்றார் மைனர், கூசாமல்.

"ரிப்போர்ட் எங்கே?"

"டாக்டரம்மா வெச்சுக்கிட்டாங்க மாமா. மத்தவங்களுக்குக் காட்டணுமாம்."

மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு, முட்டிவலியை மறந்து, பூங்காப் பக்கம் விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினார்.