பத்திரிகை மட்டும் அப்படியே இருக்கணும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் கெட்டுப்போனதைச் சரிசெய்வது சுலபம்; நன்றாக ஓடுவதை மாற்றச் சொன்னால்தான் கஷ்டம். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

கண்டிஷன்

தேரடி வீதிப் பக்கம் சந்து ஒன்றில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர் ஏழுமலை. ஆவணி முகூர்த்த நேரத்தில் அவருடைய பழைய பிரிண்டர் உயிரை விட்டது. புதிதாக வாங்கியது புது சிஸ்டத்தில்தான் ஓடும். அவருடைய தமிழ் டைப்பிங் சாப்ட்வேரோ பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். இரண்டையும் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“புதுசே போட்டுடுங்க மேடம். ஆனா ஒண்ணும் மாறக்கூடாது.”

எரர் எங்கே?

பழைய ஹார்ட் டிஸ்கைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, புது சிஸ்டம் போட்டு, அந்த சாப்ட்வேரையும் ஒருவழியாக அதில் ஓடவைத்தேன். ஒரே பெருமை எனக்கு. மறுநாளே டைப் அடிக்கும் அமுதா போன் செய்தாள், எதுவுமே சேவ் ஆகவில்லையாம். ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகச் சேவ் ஆகியிருந்தது.

விஷயம் இதுதான். பழைய சிஸ்டத்தில் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் ஒரு எரர் பெட்டி வரும். அமுதா ஓகே அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போவாள். இப்போது பெட்டி வராததால் அழுத்தியதையே அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“எரர் வந்தாதானேக்கா சேவ் ஆனதா அர்த்தம்?”

அக்காவுக்கு ஒரு மாதிரி

அடுத்ததுதான் பெரிய இடி. பழைய பத்திரிகைகளைத் திறந்தால் தமிழ் எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள். பத்திரிகைக் கடையில் யாரும் புதிதாக டைப் அடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய கல்யாணம் ஒன்றைத் திறந்து பெயரை மாற்றுவதுதான் வேலையே.

அந்த நேரம் பார்த்து கீழ்பென்னாத்தூரிலிருந்து முருகேசன் வந்து நின்றார். சின்ன மகளுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்க வேண்டும். பெரிய மகள் பத்திரிகையும் இதே கடையில்தான் அடித்தாராம். கட்டங்களைக் காட்டாமல், புது எழுத்தில் அழகாக நானே ஒன்று செய்து நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். முகம் வாடிவிட்டது. எனக்கும் சங்கடமாகப் போய்விட்டது.

“நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா அக்காவுக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரியான்னு சின்னது கேட்டா நான் என்ன சொல்றது?”

உள்வாடகை

பழையதைத் தலைமுழுகுங்கள் என்று ஊரெல்லாம் பேசுகிற கட்சி நான். அந்தக் கட்சியிலிருந்து அன்றைக்கே விலகினேன். புது சிஸ்டத்துக்குள் ஓர் இடம் ஒதுக்கி, பழைய சிஸ்டத்தை அந்த ஹார்ட் டிஸ்கில் இருந்தபடியே அதில் குடிவைத்தேன். பத்திரிகை உள்ளே பழையதில் தயாராகும், வெளியே புது பிரிண்டரில் அச்சாகும். இரண்டும் ஒரு வீட்டில் சண்டையில்லாமல் ஓடின. ஏழுமலை போட்ட கண்டிஷனும் நிறைவேறியது.

அமுதா பெரிய மகளின் பத்திரிகையைத் திறந்து, மளமளவென்று தேதியை மாற்றி, மண்டபத்தை மாற்றி, பெண் பெயரை மாற்றி, அச்சடித்துக் கொடுத்தாள். அதே எழுத்து, அதே பிள்ளையார், அதே பூ வேலைப்பாடு. முருகேசன் சந்தோஷமாக வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நடுவில் விரல் நின்றது. அமுதா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பத்திரிகை அப்படியே இருக்கணும்னுதாம்மா சொன்னேன். பெரிய மாப்பிள்ளையையே இவளுக்கும் கட்டிவெக்கச் சொன்னேனா?”

மாப்பிள்ளை பெயரும் மாறி, பத்திரிகை வெள்ளிக்கிழமைக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்றாலும், பழையதில் எதை விட்டுவைக்கலாம், எதைக் கட்டாயம் மாற்றியாக வேண்டும் என்று தானாகச் சொல்கிற சிஸ்டம் ஒன்று வரும்வரை எங்கள் தொழிலுக்கு அழிவில்லை.