கறி வெட்டாத சனிக்கிழமை

1993 மே மாதம் கடையைத் திறந்த நாளிலிருந்து, வர்லீன் டாக்கரி கறி வெட்டாத சனிக்கிழமை ஒன்றுகூட இருந்ததில்லை. கணவரை அடக்கம் செய்ததும் ஒரு சனிக்கிழமைதான். காலையில் வந்தவர்களுக்கு வெட்டிக் கொடுத்து முடித்து, ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தேவாலயத்துக்கு வந்தார்.

அவருக்கு அறுபத்து நான்கு வயது. டெக்சாஸில் எங்கள் டன்ஃபோர்டைச் சுற்றி, விறகுப் புகையில் கறி வேகவைத்து விற்கும் புகையடுப்புக் கடைகள் மூன்று. மற்ற இரண்டையும் நடத்துகிறவர்கள் ஆண்கள். கறிக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வர்லீன் கையில் யாரும் அதைப் பார்த்ததில்லை. வெந்ததா என்று கேட்டால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டுவார். கடைப் பலகையிலும் அந்த மூக்குதான் படமாக இருக்கிறது. சனிக்கிழமை மதிய உணவுக்கு மக்கள் எண்பது மைல் கார் ஓட்டி வருவது அந்த மூக்கை நம்பித்தான்.

சென்ற சனிக்கிழமை காலை எட்டரைக்கு, எங்கள் வாரப் பத்திரிகைக்காக அவரைப் பற்றி எழுதலாம் என்று போனேன். பத்து நாள் மழை விட்டு வெயில் வந்திருந்தது. கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் நுழைந்ததும், பக்கத்தில் எங்கோ புதுச் சாலை போடுகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒரு தார் நாற்றம்.

வர்லீன் அடுப்பின் மூடியைத் தூக்கினார். முகத்தில் புகை அடித்தது.

"வா, வா. இன்னிக்குப் புகை எப்படி? இனிப்பா இருக்குல்ல?"

கிண்டல் செய்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என்னம்மா, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"வர்லீன்க்கா, தார் நாத்தம் அடிக்குது. உங்களுக்கு அடிக்கலையா?"

கையில் பிடித்திருந்த மூடி அப்படியே நின்றது. அடுப்பைப் பார்த்தார், பிறகு என்னை. "நெசமாவா?" என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு சொன்னார். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல். காய்ச்சல் போனது, வாசனையும் போனது. காப்பி, விறகு, கறி, எதுவும் தெரியாது. நாக்கில் உப்பும் சர்க்கரையும் மட்டும். யாரிடமும் சொல்லவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தும் புகையின் நிறத்தைப் பார்த்துமே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். அந்த இரண்டு வருஷமும் வாராவாரம் வரிசையில் நின்று சாப்பிட்டவள் நான்.

அப்போது அவர் கணவரின் தம்பி ராய்ஸ் அடுப்பில் வைக்க வேண்டிய சாசேஜ் தட்டோடு உள்ளே வந்தார். கடைக்கு விறகு கொண்டுவருவது அவர் வேலை. மூக்கைப் பொத்திக்கொண்டே கத்தினார். "அடியாத்தி! எதைப் போட்டு எரிச்ச?"

"நீ கொண்டாந்து அடுக்கினதைத்தான்."

அடுப்பில் விறகு எரியும் அறையைத் திறந்து, இன்னும் தீப்பிடிக்காத ஒரு கட்டையை இடுக்கியால் இழுத்துப் போட்டார் ராய்ஸ். வெளியே எல்லா ஓக் விறகையும் போலச் சாம்பல் நிறம். உள்ளே கறுத்து, எண்ணெய் கசிந்தது. ஒரு பக்கம் பெரிய ஆணி போன ஓட்டை.

"ஸ்லீப்பர் கட்டை," என்றார்.

பழைய ரயில் பாதையைப் பெயர்த்தபோது கிடைத்த கட்டைகளைத்தான் எங்கள் பண்ணைக்காரர்கள் வேலி மூலைகளில் நட்டிருக்கிறார்கள். அதுவும் ஓக்தான், என்ன, தாரெண்ணெயில் ஊறியது. மழையில் நல்ல விறகெல்லாம் நனைந்துவிட, மாட்டுக்கொட்டகையில் காய்ந்து கிடந்ததை எடுத்துப் பிளந்திருக்கிறார் ராய்ஸ்.

"ஓக்னு நெனச்சேன். பிளக்கும்போது எனக்கு சளி வேற... சரி, நீ விடியல்லேர்ந்து இங்கதான நிக்கிற? உனக்கு எப்படி தெரியாமப் போச்சு?"

வர்லீன் அவரிடமும் சொன்னார். ராய்ஸ் விறகுக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் அதற்குள் அறுபது பேர். மடக்கு நாற்காலி போட்டு, குடை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு வரிசையின் முன்னால் நிற்பவர்களுக்குக் கையில் ஒரு துண்டு கறி கொடுப்பது இங்கே வழக்கம். மணி ஒன்பதே முக்கால்.

"இருபத்தாறு மாட்டு நெஞ்சுக்கறி, வர்லீன்," என்றார் ராய்ஸ். "தாள் சுத்தித்தான இருக்கு? உள்ள ஏறியிருக்காது. வித்துடலாம்."

வர்லீன் ஒன்றை எடுத்துத் தாளைப் பிரித்து, ஒரு துண்டு வெட்டி அவர் வாயருகே நீட்டினார். ராய்ஸ் இரண்டு தடவை மென்றார். வெளியே ஓடித் துப்பினார்.

"சரி, அடுப்பு ரிப்பேர்னு சொல்லிடு. மூக்கப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத. தொறந்தா கடை அவ்வளவுதான்."

"தெரியும்," என்றார் வர்லீன். காலித் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

முன்வரிசை கையை நீட்டியது. அவர் தட்டைக் கவிழ்த்துக் காட்டினார். "இன்னிக்குக் கறி கெடையாது. கெட்ட கட்டை எரிஞ்சிருக்கு. எனக்கு நாத்தம் தெரியல. ரெண்டு வருஷமா எனக்கு எந்த வாசனையும் தெரியாது. உங்க யார்கிட்டயும் சொல்லல. தப்பு என் மேலதான்."

ஒருவர் தொப்பியைக் கழற்றினார், சாவு வீட்டில் கழற்றுவதுபோல. பின்வரிசையில் ஏழெட்டுப் பேர் நாற்காலியை மடக்கிக்கொண்டு நடந்தார்கள். கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

அப்புறம் டப் ஸ்பில்லர் எழுந்தார். முப்பது வருஷ வாடிக்கை. "அப்போ இந்த ரெண்டு வருஷமா நாங்க தின்னது என்ன வர்லீன்?"

"போன மாசம் ஜில்லாவுலயே இதுதான் நல்ல கறின்னு சத்தியம் பண்ணியே, அதைத்தான் தின்ன."

யாரோ சிரித்தார்கள். டப் சிரிக்கவில்லை. அவர் மனைவி ஜெனீவா, முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர், அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீ உக்காருய்யா. வர்லீன், கார்லேர்ந்து எறங்கும்போதே எனக்குத் தார் நாத்தம் வந்துச்சு. இந்த ஆளுகிட்ட சொன்னேன். ஒனக்குப் பிரமைன்னுட்டாரு. நாப்பது பிள்ளைங்கள்ல எவன் சாப்பாட்டு டப்பாவ மூணு நாளாத் தொறக்கலைன்னு ஸ்டியரிங்லேர்ந்தே மோந்து சொன்னவ நான்."

வர்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காலைல அஞ்சு மணிக்கு எந்திரிப்பியா?"

"இந்த ஆளு விடுற குறட்டைல மூணு மணிக்கே எந்திரிச்சிடுவேன்."

சமையலறையில் செய்ததெல்லாம் நன்றாகவே இருந்தது. சீஸ் மக்ரோனி, பீன்ஸ், சோளரொட்டி, பீச் பழம் போட்ட பலகாரம். மீதி இருந்தவர்களில் முப்பத்தேழு பேர் கறி இல்லாமலே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எல்லா மேசையிலும் பேச்சு வழக்கத்தைவிடத் தாழ்வாக இருந்தது. வர்லீன் யார் பக்கமும் நிமிர்ந்து பார்க்காமல் பரிமாறினார்.

இருபத்தாறு நெஞ்சுக்கறியையும் நாய் தோண்டாத ஆழத்தில் ராய்ஸ் புதைத்தார். தாரெண்ணெய்ப் புகை குடித்த அடுப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ய நாலு நாள் ஆகும். ஜெனீவா ஸ்பில்லர் வியாழக்கிழமை வேலைக்குச் சேர்கிறார்.