சொந்த முடி

ஜூருவில் பழைய கார் விற்கும் ஒருவர், கடல்பாலம் தாண்டி, தீவுப்பக்கம் டத்தோ கிராமாட்டில் இருக்கும் என் தோல் கிளினிக்குக்கு மனைவியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியின் மேல்விளிம்பில், காதிலிருந்து காதுவரை ஒரு பட்டை சிவந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. தானாக வரும் நோய் இவ்வளவு சுத்தமாகக் கோடு போடாது. எதுவோ பட்டிருக்க வேண்டும். அது என்னவென்று அவர் உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. தலையில் இருந்தது டோப்பா. அதை ஒட்டும் பசை அவர் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க கொஞ்சம் வெளிய உக்காருறீங்களா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"இருக்கட்டும் டாக்டர்," என்றார் அவர். "இவகிட்ட ஒளிக்க எனக்கு ஒண்ணும் இல்லலா."

"அப்போ, முடியைக் கொஞ்சம் தூக்கிப் பாக்கணும்."

இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம், வேணாம். சொந்த முடி. இழுத்தா வலிக்கும்."

"அவருக்கு முடி ரொம்ப அடர்த்தி டாக்டர்," என்றார் மனைவி, முகம் மாறாமல்.

நான் வேறு வழியாகப் போனேன். "பசை எதையாவது தொடுறீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "காடி கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டுவேன். அந்தப் பசை."

"அது நெத்தியில எப்படிப் படுது?"

"வேர்க்கும்போது கையால துடைப்பேன்ல."

"காதுலேர்ந்து காது வரைக்குமா?"

"எனக்கு நல்லா வேர்க்கும் டாக்டர்."

களிம்பு எழுதிக் கொடுத்து, அடுத்த முறை அந்த ஸ்டிக்கர் பசையைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். லேபிள் சுரண்டப்பட்ட சின்ன பாட்டில், மூடியோடு ஒரு குட்டி பிரஷ். முதுகில் ஒரு துளி வைத்து மூடி, தோல் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். நர்ஸ் அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்.

கதவு சாத்தியதும் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர், அது டோப்பா. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. நீங்க சொல்லிடாதீங்க."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே. ஃபேனுக்குக் கீழ உக்கார வச்சிட்டாங்க. முன்பக்கம் லேசா எந்திரிச்சிச்சு."

"அவர்கிட்ட கேக்கவே இல்லையா?"

"அவரே சொல்லட்டும்னு இருந்தேன். அப்புறம் பையன் பொறந்தான், வேலை, வீடு… இப்போ பையன் யூனிவர்சிட்டிக்கே போயிட்டான். அவனுக்கும் தெரியும். மாசாமாசம் 'முடிவெட்டப் போறேன்'னு கிளம்புவார். திரும்பி வந்ததும் 'நல்லா வெட்டியிருக்கான்'னு நாங்க சொல்லணும். அதுல ஒரு மாசம் மறந்துட்டேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கணவரின் நெற்றி புண்ணாகிப்போனதில் உண்மையிலேயே பயந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது, முதுகில் பசை வைத்த இடம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. முடிவைச் சொல்லும்போது மூவரும் ஒரே அறையில் இருந்தோம்.

"இந்தப் பசையை இனிமே தொடவே கூடாது," என்றேன். "கிளிப் போட்டு மாட்டுற ஸ்டிக்கர் இருக்கு. அதுக்கு மாறிடுங்க."

"கிளிப் போட்ட ஸ்டிக்கரா?" முன்னால் சாய்ந்தார். "காத்தடிச்சா நிக்குமா டாக்டர்?"

"நல்லா நிக்கும். ஓரத்துல பிடிச்சிக்கும்."

"மழையில?"

"மழையிலயும்."

"வாங்கிடுங்க," என்றார் மனைவி. "காடிக்கு அழகா இருக்கும்."

புண் ஆறியபின் ஒருமுறை வந்தார்கள். நெற்றி சுத்தமாக இருந்தது. கிளிப் வேலை செய்திருக்கிறது. டோப்பாவும் புதிது. காதோரம் அளவாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நரைத்திருந்தது.

"பாத்தீங்களா டாக்டர், வயசாயிருச்சு," என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

"டென்ஷனாலயா டாக்டர்?" என்று மனைவி கவலையோடு கேட்டார். அந்த அம்மா பக்கம் பார்க்காமல் பதில் சொல்வதே எனக்கு வசதியாக இருந்தது.

"இல்ல, வயசுக்கு ஏத்ததுதான். டை மட்டும் அடிக்காதீங்க."

கணவர் எழுந்தார். கதவருகே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "முடி கொட்டுமா டாக்டர்? எங்கப்பாவுக்கு முழுசா கொட்டிருச்சு."

"உங்களுக்குக் கொட்டாது. நான் கேரண்டி."

அவர் முகத்தில் வந்த நிம்மதி நிஜம். மனைவி கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.